பழைய கம்ப்யூட்டரில் ராம் கூட்டி வீட்டுக்கு ஒரு நாஸ்: காசை எதில் முதலில் போடுவது?

வீட்டில் நாலு பேர் என்றால் நாலு போன், ஒன்றோ இரண்டோ லேப்டாப், டிராயரில் கிடக்கும் பென் டிரைவ்கள், எப்போதோ வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று. கல்யாண வீடியோ ஒன்றில் இருக்கும், குழந்தையின் முதல் வருடப் போட்டோக்கள் இன்னொன்றில் இருக்கும், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூகுள் போட்டோஸ் முன்பெல்லாம் கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் ஏற்றினாலும் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், அதுவும் மெயிலுக்கும் சேர்த்து. மாதாமாதம் பணம் கட்டி அங்கேயே வைத்துக்கொள்வது ஒரு வழி. வீட்டிலேயே ஒரு நாஸ் போட்டுக்கொள்வது இன்னொரு வழி, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாஸ் என்பது நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பொருத்தி, ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் எந்த போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அதற்குள் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். சினாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்கள் இதைத் தயாராகச் செய்து விற்கின்றன. பெட்டியைப் பிரித்து, டிஸ்க்கைச் செருகி, ஆன் செய்தால் போதும். காசும் இருக்கிறது, நேரம்தான் இல்லை என்பவர்கள் அதையே வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே அவர்கள் கேட்கும் விலையில், ஆபீசில் கழித்துவிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பை வாங்கி, ராம் கூட்டி, ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவிடலாம். நான் இங்கே சொல்லப்போவது அந்த வழியைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். இன்டெல்லின் நாலாம் தலைமுறை ஐ5, எச்81 சிப்செட் போர்டு, 4 ஜிபி ராம். 2013, 2014 வாக்கில் வந்த மெஷின், செகண்ட் ஹேண்ட் கடைகளில் இன்னமும் சாதாரணமாகக் கிடைக்கும் வகை. கோப்புகளைக் காப்பதற்கு இந்த பிராசசர் தாராளமாகப் போதும். குறை இருப்பதெல்லாம் ராமில்தான். இதில் ராம் ஸ்லாட் இரண்டு, அதிகபட்சம் 16 ஜிபி. டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலு.

காசை எதில் முதலில் போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது: ராமை 8 ஜிபிக்குக் கொண்டுவருவது அவசியம், 16 ஜிபி சௌகரியம், அதற்கு மேல் கையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கும் வீட்டுக்கு வெளியே வைக்கும் ஒரு பிரதிக்கும் போக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 32 ஜிபி, 64 ஜிபி என்று ராமில் கொட்டிவிட்டு, மொத்தக் குடும்பத்தின் படங்களையும் ஒற்றை டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள்.

சரி, நாஸுக்கு ராம் எதற்கு? மளிகைக் கடைக்காரர் அடிக்கடி கேட்கிற சாமானைக் கைக்கெட்டும் தூரத்திலும் மற்றதைப் பின்னால் குடோனிலும் வைத்திருப்பார் இல்லையா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஹார்ட் டிஸ்க் சுழன்று, அதன் ஊசி நகர்ந்து, கேட்ட இடத்துக்குப் போய்ச் சேரச் சில மில்லி விநாடி ஆகும். ராமில் இருப்பது உடனே கிடைக்கும். அதனால் சமீபத்தில் படித்ததையும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதையும் நாஸ் ராமிலேயே வைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான போட்டோ இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், இரண்டாவது முறை சட்டென்று வந்து நிற்கும். ஆனால் 40 ஜிபி வீடியோ ஒன்றை லேப்டாப்பிலிருந்து ஏற்றும்போது ராம் எவ்வளவு இருந்தாலும் பெரிய பலன் இருக்காது, அங்கே வேகத்தை முடிவு செய்வது டிஸ்க்கும் கேபிளும்தான்.

இசட்எஃப்எஸ் என்ற பெயரை இந்த விஷயத்தில் இறங்கிய முதல் நாளே கேள்விப்படுவீர்கள். இது ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது, 2005-ல் திறந்த மூலமாக வெளிவந்தது, சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு 2013 முதல் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் வளர்கிறது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் இதன் பெரிய பலம். பத்து வருடம் கழித்து ஒரு போட்டோவைத் திறக்கும்போது டிஸ்க்கில் ஏதாவது ஒரு பிட் மாறிப்போயிருந்தால் அது கண்டுபிடித்துவிடும், இன்னொரு பிரதி இருந்தால் தானாகவே திருத்தியும்விடும். குடும்பப் படங்களை வைக்க எனக்கு இதைவிட நம்பிக்கையான முறை தெரியாது. ராமைக் கேச்சாக, அதாவது மேலே சொன்ன கைக்கெட்டும் இடமாக, நன்றாகப் பயன்படுத்துவதும் இதுதான், சும்மா இருக்கும் ராமையெல்லாம் எடுத்துக்கொள்ளும். நாஸ் திரையில் ராம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதாகக் காட்டினால் புதியவர்கள் பதறுகிறார்கள். பதற வேண்டாம், வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் அது விட்டுக்கொடுத்துவிடும்.

ஒரு டிபி டிஸ்க்குக்கு ஒரு ஜிபி ராம் வேண்டும் என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆபீஸ் சர்வருக்கு அதை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு மூன்று பேர் பயன்படுத்தும் நாஸுக்கு இது சட்டமே கிடையாது. பிழை திருத்தும் ஈசிசி ராம் இல்லாமல் இசட்எஃப்எஸ் பக்கமே போகக்கூடாது என்றும் சொல்வார்கள். ஈசிசி இருந்தால் நல்லதுதான், ஆனால் மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட இசட்எஃப்எஸ்ஸுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும்படி எதுவும் இல்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரென்ஸே சொல்லியிருக்கிறார்.

இப்போது ராம் வாங்கும் கட்டம். பணம் வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், எந்த வகை ராம், எத்தனை ஸ்லாட், எதில் என்ன இருக்கிறது என்று காட்டிவிடும். நம் உதாரண மெஷினுக்கு வேண்டியது டிடிஆர்3. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் போகவே போகாது. டெஸ்க்டாப் ராம் நீளம், லேப்டாப் ராம் அதில் பாதி. டிடிஆர்3எல் என்று போட்டிருந்தால் அது 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை, இந்தத் தலைமுறை டெஸ்க்டாப்பில் அதையும் போடலாம்.

கவனமாக இருக்க வேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஈசிசி ராம். ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதை ஏற்காது, திரையே வராது. ஸ்டிக்கரில் பிசி3 12800 என்பதற்குப் பக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதுதான், கீழே வைத்துவிடுங்கள். யு என்று இருந்தால் சரி. இரண்டாவது, ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கப்படும் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள். விளம்பரத்தில் அந்த வரி எங்கோ ஓரத்தில் சின்னதாக இருக்கும். அதில் இருக்கும் சிப்புகளின் அமைப்பு இன்டெல் போர்டுகளுக்கு ஒத்துவராது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் நேரில் வாங்கினால் மெஷினையே தூக்கிக்கொண்டு போய், அங்கேயே மாட்டி, ஆன் செய்ததும் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் 16 ஜிபி என்று காட்டிய பிறகு பணம் கொடுங்கள், கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு 8 ஜிபியாக வாங்குவது நல்லது. ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கும் இரண்டு பாதையிலும் (சேனல்) சமமாக ஓடும், கலவையாகப் போட்டு வரும் தலைவலியும் இல்லை.

மாட்டுவது பயப்படும் வேலையே இல்லை. மின் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளி, பழைய ராமை மேலே எடுத்து, புதியதன் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு ஓரத்திலும் சமமாக அழுத்த வேண்டும். புதியவர்கள் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். டக் என்று சத்தம் வந்து கிளிப் தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். ஆன் செய்ததும் திரை வராமல் பீப் சத்தம் வந்தால் உடனே ராம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பாதிக்குப் பாதி சரியாக உட்காராத கேஸ்தான். கழற்றி, தங்க நிற முனைகளைத் துடைத்து, ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

திரை வந்துவிட்டது என்பதற்காக அப்படியே மேலே போய்விடவும் கூடாது. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியை பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து மெஷினைத் துவக்கி, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம். கேம் விளையாடும் மெஷினில் கெட்ட ராம் இருந்தால் கேம் நின்றுபோகும், தெரிந்துவிடும். நாஸில் அது சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும், டிஸ்க்குக்குப் போகும் முன்பே கெட்டுப்போனதை இசட்எஃப்எஸ்ஸாலும் கண்டுபிடிக்க முடியாது.

ராம் முடிந்தது, அடுத்தது நெட்வொர்க். நாஸ் மெதுவாக இருக்கிறது என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ராமும் இல்லை, டிஸ்க்கும் இல்லை, கேபிள்தான். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி அளவுக்குப் போகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 11 எம்பிதான். 1 டிபி கோப்புகளை மாற்ற முதலாவதில் இரண்டரை மணி நேரம், இரண்டாவதில் ஒரு நாளுக்கும் மேல். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் மலிவான ரவுட்டர்களில் பலவற்றின் லேன் போர்ட்டுகள் இன்னமும் 100 எம்பிபிஎஸ்தான். அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை, ஒரு சின்ன 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, நாஸையும் டெஸ்க்டாப்பையும் அதில் மாட்டி, அதிலிருந்து ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுத்தால் நாஸுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே போவது ரவுட்டரைத் தொடாமல் முழு வேகத்தில் போகும். இன்னொன்று, கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருந்தும் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்தக் கேபிளில் கிகாபிட் வரவே வராது. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து எட்டு நிறமும் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். போன்கள் வைஃபையில் இருக்கட்டும், நாஸை மட்டும் கண்டிப்பாகக் கேபிளில் இணையுங்கள்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரே அளவில் இரண்டு வாங்குங்கள், 4 டிபி இரண்டு என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் வகையா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்ஆர் என்ற வகையில் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதுவார்கள், அதனால் ஒரு இடத்தைத் திருத்தினாலே பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். பழுதான டிஸ்க்கை மாற்றி முழுவதையும் திரும்ப எழுதும் நேரத்தில் இது படுத்தி எடுத்துவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் ரெட் பிளஸ் என்று சிஎம்ஆர் டிஸ்க்குகளைத் தனியாகப் பிரித்தார்கள். 4 டிபி டிஸ்க்கை மாட்டினால் 3.6 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, ஆயிரமாக எண்ணுவதற்கும் 1024-ஆக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

மென்பொருளுக்கு என் தேர்வு ட்ரூநாஸ். முன்பு ஃப்ரீநாஸ் என்ற பெயரில் இருந்தது, இலவசம், இசட்எஃப்எஸ்ஸை மையமாக வைத்தது, குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் கேட்கும். ராம் கூட்டவே வழியில்லை, 4 ஜிபிதான் என்றால் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் போடுங்கள், அது இன்னும் எளிமையானது. இன்னொரு கம்ப்யூட்டரில் ட்ரூநாஸை இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து நிறுவ வேண்டும். நிறுவும் டிஸ்க்கில் உங்கள் கோப்புகளை வைக்க முடியாது, அதனால் 120 ஜிபி போல ஒரு சின்ன எஸ்எஸ்டியை இதற்கென்று ஒதுக்குங்கள். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும்போது பெயரையும் அளவையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்ததில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

நிறுவி முடிந்ததும் திரையில் 192.168 என்று தொடங்கும் ஐபி எண் ஒன்று வரும். இனி மானிட்டர் தேவையில்லை, லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் நாஸின் பக்கம் வந்துவிடும். ரவுட்டருக்குள் போய் அந்த எண்ணை நாஸுக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது எண் மாறி, நாஸையே காணோம் என்று வீட்டில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மிரர் முறையில் ஒரு பூல், அதாவது ஒரே சேமிப்பிடம், உருவாக்க வேண்டும். இரண்டிலும் ஒரே விஷயம் எழுதப்படும், ஒன்று போனாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். இடம் பாதிதானே கிடைக்கிறது என்று யோசிக்காதீர்கள், அந்த மற்றப் பாதிக்குத்தான் காசை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். பூலுக்குள் போட்டோ, ஆவணம், வீடியோ என்று தனித்தனிப் பகுதி (இதற்கு டேட்டாசெட் என்று பெயர்), வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர், பிறகு எஸ்எம்பி ஷேர். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி. அதை மற்ற கணினிகளும் பேசும்படி செய்தது 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா, உங்கள் நாஸுக்குள் ஓடுவதும் அதுதான். விண்டோஸில் மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்துவிட்டால் சி, டி மாதிரி அதுவும் ஒரு டிரைவாக வந்து நிற்கும். பழைய டிவிக்காகவோ பிரின்டருக்காகவோ எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் நுழைந்தது அந்தப் பழைய வழியில்தான்.

மாதம் ஒரு தடவை ஸ்க்ரப் ஓடும்படியும், தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கும்படியும் அட்டவணை போட்டுவிடுங்கள். ஸ்க்ரப் டிஸ்க்கில் இருக்கும் அத்தனையையும் படித்து சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். ஸ்னாப்ஷாட் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும். குழந்தை தெரியாமல் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டால் நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து நிமிடத்தில் திரும்ப எடுக்கலாம். மின்செலவையும் மனதில் வையுங்கள். இந்த மாதிரி மெஷின் சும்மா இருக்கும்போது 40 வாட் இழுக்கிறது என்று வைத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் போடுங்கள், திடீரென்று கரண்ட் போவதும் வருவதும் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஆகவே ஆகாது.

மிரர் இருக்கிறதே, இனி பயமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க் பழுதாவதை மட்டும்தான் மிரர் சமாளிக்கும். வீட்டில் தண்ணீர் புகுந்தாலோ, மெஷினையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலோ இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரிலோ வேறு வீட்டிலோ என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டு அளவில் இதற்கு வழி எளிது: ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒரு முறை முக்கியமானதை நகலெடுத்து, அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

வெளியூரிலிருந்து நாஸைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நாஸுக்கு நேராக வரும் வழியை, திறந்துவிடாதீர்கள். 2021-ல் க்யூலாக்கர், 2022-ல் டெட்போல்ட் என்று அடுத்தடுத்து வந்த ரேன்சம்வேர்கள் இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் நாஸ்களைத் தேடித் தேடிப் பூட்டிப் பணம் கேட்டன. டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை நாஸிலும் போனிலும் போட்டுக்கொண்டால் எந்த போர்ட்டையும் உலகத்துக்கே திறந்து காட்டாமல் உங்கள் போனுக்கும் நாஸுக்கும் நடுவே மட்டும் ஒரு தனிப் பாதை கிடைக்கும். நம்மூர் இணைய இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை, அங்கேயும் டெய்ல்ஸ்கேல் வேலை செய்யும் என்பதால் புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு சோதனை செய்துவிடுங்கள். நாஸை நிறுத்தி, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எச்சரிக்கை வர வேண்டும், கோப்புகள் அப்படியே திறக்க வேண்டும். திரும்ப நிறுத்தி, கேபிளை மாட்டி, பூல் பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, மாமா வீட்டுக்குப் போகும் யூஎஸ்பி டிஸ்க்கை நாஸோடு சம்பந்தமே இல்லாத ஒரு லேப்டாப்பில் மாட்டி, நாலைந்து போட்டோவையும் அந்தப் பத்திர ஸ்கேனையும் திறந்து பாருங்கள். அங்கேயும் சரியாகத் திறந்தால் போன்களில் இருக்கும் ஒரிஜினல்களை அழித்து இடத்தைக் காலி செய்ய ஆரம்பிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.